செல்லக்கண்ணு அவிழ்த்த கட்டு

அந்த வருஷம் கார்த்திகை பிறக்கும்போதே ஆத்துமேட்டு வயல்களில் நெல் தலைசாய்ந்துவிட்டது. கியாக்தானில் ஆற்றின் நடுவே நிற்கும் புத்தர் கோயிலைத் தாண்டி, மாட்டு வண்டியில் ஒரு பொழுது தெற்கே போனால் ஆத்துமேடு. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு வேறொரு பர்மியப் பெயர். துறைமுகத்துக்கும் ரயில் வேலைக்கும் வந்து, பிறகு சதுப்பு நிலத்தைத் திருத்தி உட்கார்ந்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள்தான் அங்கே அதிகம். அறுப்புக்கு யாரும் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. இன்றைக்கு உன் வயலில் நான் அறுத்தால் நாளைக்கு என் வயலில் நீ வந்து குனிய வேண்டும். மாத்தாள் என்று அதைச் சொல்வார்கள்.

கனகாம்பாள் அரிவாளைத் தீட்டி வைத்துவிட்டு, பெரிய பானையில் சோறும், உலர்ந்த இறால் போட்டுப் புளிச்சக்கீரைக் குழம்பும் ஆக்கி இறக்கியிருந்தாள். மாத்தாளாக வருகிறவர்களுக்குச் சோறு போடுவது வயல்காரியின் பொறுப்பு. பனி விலகி, வரப்பில் ஈரம் காய்ந்து, கொக்குகள் இறங்கிவிட்டன. ஒருத்தியும் வரவில்லை. கடைசியில் வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பெண்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேகமாகப் போவது தெரிந்தது.

"ஏண்டி, இன்னைக்கு எங்க வயல்ல தானே முறை? எங்கடி ஓடுறீங்க?"

முன்னால் போனவள் நின்றாள். "ஒடம்பு சரியில்லக்கா."

"கையில அரிவா இருக்கே. காய்ச்சலை அறுக்கப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. பின்னால் வந்தவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நாலு பேரும் வரப்பை விட்டு இறங்கி, கனகாம்பாளின் புருஷன் செல்லக்கண்ணுவின் வயலைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கனகாம்பாளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இவ்வளவு தூரம் வரும் என்றுதான் அவள் நினைக்கவில்லை.

செல்லக்கண்ணு விவசாயி. அதோடு இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் ஊர் வயல்களைச் சுற்றி வந்து, குருவிக்கும் எலிக்கும் வாய்க்கட்டு போடுவார். அந்தி நேரம். இடுப்பில் ஒரு துண்டு, கையில் சாம்பல். மூலைக்கு மூலை வைக்கோலில் ஒரு முடிச்சுப் போட்டு நட்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே போவார். அவர் அப்பா செய்தது, அவர் செய்தார். அதற்காக ஒவ்வொரு களத்திலிருந்தும் ஒரு முறம் நெல் வரும். பர்மியக் குடியானவர்கள்கூடக் கூப்பிடுவார்கள்.

அவர் முணுமுணுப்பது என்ன என்று கல்யாணமான புதிதில் கனகாம்பாள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். பல வருஷம் கழித்து, ஒரு மழை நாளில், அவராகவே சொன்னார்.

"பசிக்குத் தின்னு தாயே, பொழுதுபோக்குக்குத் தின்னாதே. நாங்களும் புள்ளகுட்டிக்காரங்க. அவ்வளவுதான்."

"இதா மந்திரம்?"

"வேற என்னா? குருவிகிட்ட வேற என்னாத்தச் சொல்லச் சொல்றே?"

"குருவி கேக்குதா?"

"அது திங்கிறதைத் தின்னுக்கிட்டுத்தான் இருக்கு. ஊருக்குத்தான் தூக்கம் வருது."

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த கருவாடு தீய்ந்துவிட்டது. புள்ளகுட்டிக்காரங்க என்று குருவியிடம் சொன்ன அந்தப் பொய்யைப் பற்றி மட்டும் அவள் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

இந்த வருஷம் அவர் கட்டுப் போட்டு முடித்த மறுவாரம், பக்கத்து வீட்டு வடிவேலின் கைக்குழந்தைக்குக் குரல் போய்விட்டது. வடிவேலும் கமலாட்சியும் நாலைந்து வருஷம் காத்திருந்து பெற்ற பெண். பிறந்தபோது அது போட்ட சத்தத்தில் கனகாம்பாள் மாட்டுக்கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள். அந்தக் குழந்தை இப்போது வாயைத் திறக்கிறது, முகம் கோணுகிறது, கண்ணீர் வழிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. பாலைக் குடித்து உடனே கக்கியது. மூச்சு இரைத்தது. கை கால் ஊதி மினுமினுத்தன.

வடிவேலின் அம்மாதான் முதலில் சொன்னாள். "குருவி வாயைக் கட்டத் தெரிஞ்சவனுக்கு என் பேத்தி வாயைக் கட்டத் தெரியாதா? பெத்துக்காத வயித்துப் பொறாமை."

அந்தப் பேச்சு ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போக நெடுநேரம் ஆகவில்லை.

சயாமா தாண்டா அன்று மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சுற்றுவட்டத்து ஊர்களுக்கு அரசாங்கம் போட்ட மருத்துவச்சி அவள். பர்மியப் பெண். கன்னத்தில் பூசிய தனாக்காப் பட்டைக் குழம்பு காய்ந்து வெடித்திருந்தது. ஆத்துமேட்டில் பிரசவம் பார்த்துப் பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டவள், ஆனாலும் பெண்களைப் பர்மிய மரியாதையில் டோ என்றுதான் கூப்பிடுவாள்.

"டோ கனகா, தண்ணி குடு. அந்த வீட்டுல எனக்குத் தண்ணிகூட இல்ல."

"தொரத்திட்டாங்களா சயாமா?"

"ஊசி எடுத்தேன். பாட்டி என் கையைப் புடிச்சிட்டாங்க. கட்டு போட்ட பாப்பாவுக்கு ஊசி போட்டா செத்துடும்னு." சயாமா படியில் உட்கார்ந்து தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "இது கட்டு இல்ல. பாலுல சத்து இல்ல. அம்மா மூணு மாசமா பத்தியம். வெள்ளைச் சோறு, உப்பு, சுட்ட கருவாடு. பருப்பு இல்ல, கீரை இல்ல. மிஷின்ல தீட்டின அரிசியில ஒண்ணும் இல்ல. இப்ப பயம் வந்ததும் பாட்டி கருவாட்டையும் நிறுத்திட்டாங்க."

"அப்ப புள்ள?"

"இந்த மாதிரி பாப்பாவை நான் முன்னயும் பாத்திருக்கேன். ஊசி போட்டா உடனே நல்லாயிடும். போடாட்டி திடீர்னு போயிடும். நாளைக்கோ, மறுநாளோ."

செல்லக்கண்ணு கொட்டகைப் பக்கமிருந்து வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் ஊர்த்தலைவர் இராமையாவிடமிருந்து ஆள் வந்தது. மறுநாள் காலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். செல்லக்கண்ணு கற்பூரம் அணைக்க வேண்டும்.

ஆத்துமேட்டில் அதற்குமேல் ஒரு கோர்ட் கிடையாது. அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை வெறும் உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் அவன் குற்றமற்றவன். பொய் சொல்லியிருந்தால் அணைத்தவன் வீடு அழியும். உண்மை சொல்லியிருந்தால், வீண்பழி சொன்னவன் வீட்டில் அம்மன் கை வைப்பாள். அணைக்க மறுப்பவன் ஊரைவிட்டுப் போக வேண்டும். அவன் உழுத நிலத்தை ஊர் எடுத்துக்கொள்ளும்.

"நல்லதாப் போச்சு," என்றாள் கனகாம்பாள். ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. இருவரால் எவ்வளவு தின்ன முடியும்? "அணைச்சுட்டு வாங்க. அப்புறம் எவ வரப்பைச் சுத்திக்கிட்டுப் போறான்னு பாக்குறேன்."

செல்லக்கண்ணு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அணைச்சா பழி அந்த வீட்டு மேல போகுமே கனகு."

"போகட்டும். சொன்னவ அனுபவிக்கட்டும்."

"சொன்னது கெழவி. அனுபவிக்கிறது யாரு? அந்த வீட்டுல போறதுக்குத் தயாரா இருக்கிறது ஒரே ஒரு உசுரு."

"அதுக்காக? நீங்க செஞ்சீங்களா?"

"இல்ல."

"அப்ப இல்லன்னு சொல்லுங்க. இந்த மண்ணுல பாம்பையும் அட்டையையும் மிதிச்சு நான் நாத்து நட்டிருக்கேன். எவளோ பத்தியம் இருந்ததுக்கு நான் எதுக்கு மூட்டை கட்டணும்?"

"சரி," என்றார் அவர். "அணைச்சுடுறேன்."

அவர் சரி என்றால் சரிதான். அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் மாற்றியதில்லை. கனகாம்பாள் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.

கோயில் என்றால் தகரக் கூரை, சிமெண்டுத் தரை, முன்னால் ஒரு வேப்பமரம். பனி இன்னும் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம் குந்தியிருந்தார்கள், பெண்கள் மறுபக்கம். கனகாம்பாள் வந்ததும் அவளைச் சுற்றி இடம் காலியாயிற்று. அவள் அந்தக் காலி இடத்தில் சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். சயாமா தாண்டா சைக்கிளைப் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, அவள் போகவும் இல்லை.

இராமையா நல்ல மனிதர். கோபம் வராமல் பேசுவார். "செல்லக்கண்ணு, ஒன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஊரு கேக்குது. நான் கேக்குறேன். கற்பூரம் இருக்கு, ஆத்தா இருக்கா. அணைச்சுட்டுச் சொல்லிட்டா இதோட முடிஞ்சுது."

"எங்க அணைக்கப் போறான்?" என்றாள் வடிவேலின் அம்மா. "கையி வெந்துபோகும்ல."

"பெரியம்மா, சும்மா இருங்க."

தட்டில் கற்பூரம் எரிந்தது. செல்லக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். வலது கையை நீட்டினார். அப்போதுதான் கமலாட்சியின் மடியைப் பார்த்தார்.

குழந்தை அழுதுகொண்டிருந்தது. உடம்பு முழுவதும் அழுதது. வாய் அகலத் திறந்து, நாக்கு நடுங்கி, கழுத்து நரம்பு புடைத்து. வெளியே வந்தது வெறும் காற்று. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. கமலாட்சி குழந்தையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். வெறும் சோறு தின்று வெளுத்துப்போன முகம். "மாமா," என்றாள். "அவுத்து வுட்டுடுங்க மாமா. என்னா வேணும்னாலும் தர்றேன்."

"வாயை மூடுடி," என்றாள் மாமியார்.

செல்லக்கண்ணு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "வடிவேலு, ஒண்ணு கேக்குறேன். நான் இதை அணைச்சுட்டேன்னு வை. அப்புறம் புள்ளைக்கு என்னா செய்வே?"

"என்னா செய்யிறது சித்தப்பா? வேற எவன் கட்டினான்னு தேடணும்."

"சயாமா ஊசி?"

பதில் கிழவியிடமிருந்து வந்தது. "கட்டுனவன் அவுக்காம ஊசி கெடையாது. கட்டு மேல ஊசி ஏறினா உசுரு தங்காது."

"கட்டுனவன் அவுத்துட்டா?"

"அவுத்துட்டா அப்புறம் என்னத்த வேணும்னாலும் போட்டுக்கலாம்."

செல்லக்கண்ணு திரும்பிக் கனகாம்பாளைப் பார்த்தார். அவளுக்கு அந்தப் பார்வை புரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவசரமாக, இரண்டு மூன்று தடவை ஆட்டினாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினார்.

"கற்பூரத்தை எடுங்க, தலைவரே. நான்தான் கட்டினேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வடிவேல் பாய்ந்து வந்தான். இராமையா குறுக்கே விழுந்து தடுத்தார். யாரோ எறிந்த மண்கட்டி செல்லக்கண்ணுவின் தோளில் பட்டு உதிர்ந்தது. அவர் தட்டிவிடவில்லை.

"என்னைய அப்புறம் அடிங்க," என்றார். இதுவரை அந்த ஊர் கேட்டிராத குரல். கனத்து, அடிவயிற்றிலிருந்து வந்தது. "முதல்ல அவுக்கணும். எல்லாரும் நவுருங்க."

நகர்ந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்தார். கமலாட்சி குழந்தையை முன்னால் நீட்டினாள். அவர் அம்மன் குங்குமத்தை எடுத்து அதன் நெற்றியில் வைத்து, குனிந்து அதன் காதருகே உதட்டை அசைத்தார். ஓரமாக ஓடிவந்து நின்ற கனகாம்பாளுக்கு மட்டும் அது காதில் விழுந்தது.

"அழு தாயி. நல்லா அழு. ஊரு கேக்க அழு."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

செல்லக்கண்ணு நிமிர்ந்தார். "அவுந்துருச்சு. ஆனா என் கட்டு பொல்லாத கட்டு. திரும்ப வந்து ஒட்டிக்கும். ஒட்டாம இருக்கணும்னா நான் சொல்றதை வரி தப்பாம செய்யணும். இப்பவே, இந்த எடத்துலயே, சயாமா ஊசி போடணும். அப்புறம் தன்லியின் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். அவங்க சொல்ற வரைக்கும் அங்கேயே இருக்கணும். தாய்க்காரி இன்னைக்குச் சாயந்திரத்துலேருந்து பருப்பு, கீரை, முட்டை, மீனு தின்னணும். மிஷின் அரிசி கூடாது. ஒரலுல குத்தின அரிசிதான். ஒரு வேளை பத்தியம் இருந்தாக்கூட கட்டு வந்து விழுந்துரும்."

"பருப்பா? பச்சை ஒடம்புக்காரி!" என்றாள் கிழவி.

"கட்டுனது நானா நீயா?"

கிழவி வாயை மூடிக்கொண்டாள். சயாமா தாண்டா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் பையோடு ஓடிவந்தாள். ஊசியில் மருந்தை ஏற்றும்போது அவள் செல்லக்கண்ணுவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கோயிலில் சாமியைப் பார்க்கிற பார்வை அது. கட்டே இல்லை என்பது கனகாம்பாளைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும், அவளும் சொல்லப்போவதில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டி போன பிறகு இராமையா தீர்ப்புச் சொன்னார். புள்ள பிழைத்தால் செல்லக்கண்ணு ஊரைவிட்டுப் போக வேண்டும். செத்தால் ஊரே கூட்டிக்கொண்டு போய்ப் போலீசில் விடும்.

வீடு வந்ததும் கனகாம்பாள் பானையை எடுத்தாள், வைத்தாள், மறுபடியும் எடுத்தாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான். நேத்து சரின்னீங்க. நான் அங்க தலைய ஆட்டினேன். பாத்தீங்க. பாத்துட்டுச் சொன்னீங்க. உங்களுக்கு நான் யாருங்க?"

"நீ இருக்கேன்னுதானே சொன்னேன். தனியாளா இருந்தா எனக்கு அந்த தைரியம் ஏது?"

"இந்தப் பேச்சுக்கெல்லாம் நான் மசிய மாட்டேன். புள்ள செத்துட்டா?"

"நான் ஜெயிலுக்குப் போவேன். நீ யாங்கோன்ல ஒன் தங்கச்சி வீட்டுக்குப் போவே."

"நல்லா பங்கு பிரிச்சீங்க!" பானையை டங்கென்று வைத்தாள். "பொழைச்சா?"

"ரெண்டு பேருமே தங்கச்சி வீட்டுக்குப் போவோம்."

"பபேடான்ல அவ இருக்கிறது மாடிப்படிக்கு அடியில ஒரு பொந்து. அங்க உங்க எருமையை எங்க கட்டுறது?"

அவர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போய், யாரும் வராத வயலில் தனியாக இறங்கி அறுக்க ஆரம்பித்தாள். கோபம் தீர்வதற்கு அவளுக்கு வேலை வேண்டும். சிறிது நேரத்தில் பக்கத்து வரிசையில் இன்னொரு அரிவாள் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அறுத்துக்கொண்டு போனாள். பொழுது சாய்வதற்குள் ஒரு மூலை முடிந்திருந்தது. இத்தனை பெரிய வயலில் அது ஒரு கோழிக்கூண்டு அளவு தெரிந்தது. அவர் அவள் கையைப் பிடித்து, விரலிடுக்கில் ஏறியிருந்த நெற்சுணையை ஊதி எடுத்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோபம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமும் இல்லை.

மறுநாள் களத்தில் கதிரைத் தட்டிக்கொண்டிருக்கும்போது இராமையா வந்தார். வரப்பிலேயே நின்றார்.

"புள்ள சத்தம் போட்டு அழுவுதாம். நேத்து சாயந்திரமே ஆரம்பிச்சுடுச்சாம். வடிவேலு ஆள் சொல்லி அனுப்பியிருக்கான். நாளைக் காலையில கெளம்பிடு, செல்லக்கண்ணு."

நல்ல செய்தியும் தண்டனையும் ஒரே மூச்சில் வந்தன. கனகாம்பாள் கையிலிருந்த கதிர்க்கட்டைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊர் போனதற்காகத்தான் அழுகிறாள் என்று இராமையா நினைத்துக்கொண்டார். "மிச்சத்தை அறுத்து ஒன் பங்கை அனுப்பி வைக்கிறேன், தங்கச்சி," என்றார். "எருமை என் கொட்டகையில நிக்கட்டும்." அவர் நிஜமாகவே நல்ல மனிதர்தான்.

கியாக்தான் படகுத்துறைக்கு எதிரில்தான் யாங்கோனுக்குப் போகும் லைன்கார்கள் நிற்கும். பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்ட பழைய பிக்கப்கள். மொஹிங்காக் கடை அண்டாவிலிருந்து மீன் குழம்பு ஆவி பறந்தது. நடு ஆற்றுக் கோயிலுக்குப் போகிறவர்கள் பொரி வாங்கி, படித்துறையில் மீன்களுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கண்ணு இரண்டு மூட்டைகளையும் கூரைமேல் ஏற்றிக் கட்டினார். கனகாம்பாள் உலக்கையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படிப் பொந்தில் உலக்கை எதற்கு என்று அவர் கேட்டதற்கு, உங்களை நாலு சாத்துவதற்கு என்று சொல்லியிருந்தாள்.

தன்லியினிலிருந்து வந்த லைன்கார் ஒன்று எதிரில் நின்றது. அது நிற்கும் முன்பே சத்தம் வந்தது. ஒரு குழந்தையின் அழுகை. காதைப் பிளக்கும் அழுகை. மொஹிங்காக் கடைக்காரி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். டிரைவர் காதில் விரலை விட்டுக்கொண்டு ஏதோ பர்மியில் சொன்னான், வண்டியிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வடிவேல் இறங்கினான். பின்னால் கமலாட்சி, தோளில் குழந்தை. வீக்கம் வடிந்து, முகம் சின்னதாகி, கோபத்தில் சிவந்துபோயிருந்தது. கைகளை முறுக்கிக்கொண்டு அது கத்தியது.

செல்லக்கண்ணு ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். கமலாட்சி அவரைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் செத்தது. சட்டென்று முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடினாள், அவர் கண் படாமல் இருக்க. வடிவேல் பக்கவாட்டில் காறித் துப்பிவிட்டு நடந்தான்.

செல்லக்கண்ணு நின்றுவிட்டார்.

கனகாம்பாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அடிப் பாவி, யாருகிட்டடி மூடுறே? இவரு..." என்று வாயைத் திறந்தவள், தன் முழங்கையில் அவர் கை விழுந்ததை உணர்ந்தாள்.

"வேணாம் கனகு," என்றார் அவர் மெதுவாக. "கட்டே இல்லன்னு தெரிஞ்சா கெழவி இன்னைக்கே பத்தியத்தைத் தொடங்கிடுவா."

கனகாம்பாள் அவரைப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்து இன்னும் கத்திக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உலக்கையைத் தரையில் ஊன்றி, நாலு எட்டில் கமலாட்சிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏண்டி, பருப்பு தின்னியா?"

கமலாட்சி ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள். "தின்னேன் அத்தை."

"கீரை?"

"காலையில... ஆஸ்பத்திரி வாசல்ல வாங்கித் தின்னேன்."

"ஒன் மாமியா நிறுத்தச் சொன்னா நிறுத்துவியா?"

"மாட்டேன் அத்தை. சத்தியமா மாட்டேன்."

"யாங்கோன் ரொம்ப தூரம்னு நெனைக்காதே. என் வீட்டுக்காரருக்கு அங்கேருந்தும் கட்டத் தெரியும். பல்லு முளைக்கிற வரைக்கும் ஒரு வேளை தப்பினாலும் எனக்குத் தெரிஞ்சுடும்." உலக்கையை அவள் கையில் திணித்தாள். "இந்தா, இதுல குத்தின அரிசிதான் ஆக்கணும். போ. புள்ளைக்குப் பசிக்குது, பாலைக் குடு."

கமலாட்சி உலக்கையையும் குழந்தையையும் அணைத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினாள். அழுகை மாட்டு வண்டிகள் நிற்கும் பக்கமாகப் போய், ஒரு கட்டத்தில் டக்கென்று நின்றது. பால் கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

லைன்கார் கிளம்பியபோது அவர்கள் இருவருக்கும் பெஞ்சின் கடைசியில் ஒண்டிக்கொள்ளத்தான் இடம் கிடைத்தது. செல்லக்கண்ணு அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்னா மெரட்டு மெரட்டுறே."

கனகாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்து அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சூனியக்காரன் பொண்டாட்டி வேற எப்படிப் பேசுவா?" என்றாள்.